மீன் பெட்டியில் பாலக்கு: காட்பாடி மொட்டை மாடியில் மூன்று வருஷம்

காட்பாடியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டு மொட்டை மாடியில் மண்ணில்லாத் தோட்டம் போட்டு மூன்று வருஷம் முடிந்துவிட்டது. ஆரம்பித்த காரணம் ரொம்பச் சாதாரணம். மண் தொட்டி வைக்க வீட்டுக்காரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மண்ணை ஏத்தி தளம் ஒழுகுனா யாரு பாக்கறது?" என்றார். தண்ணீரும் கனம்தான் என்று அவருக்கும் தோன்றவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

முதலில் செய்தது பைப் செட். ஓட்டை போட்ட பைப்பில் செடியை உட்காரவைத்து, உள்ளே மோட்டாரால் தண்ணீரை ஓடவிடுவது. வீடியோவில் பார்த்தால் அதுதான் கண்ணைப் பறிக்கும். 4 இன்ச் பிவிசி பைப் பத்தடி நீளத்தில் இரண்டு, எண்ட் கேப், 18 வாட் மோட்டார், டைமர், செடி வைக்க நெட் கப் என்று எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய். மார்கழி, தை இரண்டு மாதமும் பிரமாதமாக வந்தது. பக்கத்து மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவர்களிடம் விளக்கம் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டது. மார்ச் மாதம் ஒரு நாள் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட் போய் மாலைதான் வந்தது. பைப்பில் ஓடுவதே விரல்கடை உயரத் தண்ணீர். அதுவும் நின்றுவிட்டால் வேர் எத்தனை நேரம் தாங்கும்? வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், கொத்தமல்லி முழுக்கத் துவண்டு பைப் மேலேயே படுத்திருந்தது.

மிச்சத்தை வேலூர் வெயில் பார்த்துக்கொண்டது. கத்திரி சமயத்தில் ஒரு மதியம் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். பைப்புக்குள் தண்ணீர் 39 டிகிரி. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் இருப்பது 35 டிகிரியில் சுமார் 7க்கு இறங்கிவிடும். அதே சூட்டில் வேருக்கு மூச்சு அதிகமாக வேண்டும், வேர் அழுகல் பூஞ்சைக்கும் கொண்டாட்டம். வேர் பழுப்பாகி, தொட்டால் வழவழவென்று, சாக்கடை நாற்றம் அடித்தது. பைப் செட்டோடு என் உறவு அத்தோடு முடிந்தது.

அடுத்ததுதான் மீன் பெட்டி. மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு மீன் வரும் தெர்மாகோல் பெட்டி, மூடியோடு 60 ரூபாய். "இன்னா ணா, மீனு வேணாமா, பொட்டி மட்டும்தானா?" என்று கேட்டுவிட்டுத்தான் மீன்காரர் கொடுத்தார். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தும் நாற்றம் போக ஒரு வாரம் ஆனது. உள்ளே கறுப்பு பாலித்தீன் ஷீட் விரித்தேன், இல்லாவிட்டால் தெர்மாகோல் மெல்லக் கசியும். மூடியில் ஆறு ஓட்டை. டம்ளரைச் சூடாக்கி அழுத்தினால் சுலபமாக விழும்தான், ஆனால் அந்தப் புகையை முகர வேண்டாம். விளிம்பு கூரான தகர டப்பாவை வைத்துத் திருகினாலே போதும். ஓட்டையில் உட்கார தயிர் கப், கப்பின் அடியிலும் பக்கத்திலும் துளைகள், உள்ளே கழுவிய தென்னை நார்த் தூள். கழுவிய என்பதை அழுத்திச் சொல்கிறேன். நாரில் உப்பு இருக்கும், மூன்று தடவையாவது அலச வேண்டும்.

இதில் மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பெயரால் கிராட்கி முறை என்பார்கள். பெட்டி நிறையச் சத்துத் தண்ணீர் விட்டு, கப்பின் அடி மட்டும் நனைகிற மாதிரி வைப்போம். செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் இறங்கும், மேலே காற்று இடம் உண்டாகும். அந்த இடத்தில் இருக்கும் வேர் காற்றை வாங்கும், கீழே இருக்கும் வேர் தண்ணீரை வாங்கும். மூடியைத் தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மேல் வேர் பூனை மயிர் போல வெள்ளையாகப் புசுபுசுவென்று இருக்கும், கீழ் வேர் நூல் நூலாகத் தொங்கும்.

இது எனக்குப் புரிந்தது மாமியார் புண்ணியத்தில். நாங்கள் ஊரில் இல்லாத நாலு நாள், குடியாத்தத்திலிருந்து வந்திருந்தவர் செடியைப் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்தால் நன்றாக இருந்த பாலக்கு தலை தொங்கிக் கிடக்கிறது. "பொட்டியில தண்ணி பாதிதான் இருந்திச்சி மாப்ள, பாவமாப் பூடுச்சி, நெறச்சி வுட்டுட்டேன்" என்றார். காற்று வாங்கிப் பழகிய வேரெல்லாம் மூழ்கிவிட்டது. அவரை என்ன சொல்ல முடியும்? காலி தொட்டியைப் பார்த்தால் யாருக்கும் ஊற்றத்தான் கை போகும். இப்போது நான் பாதி அளவுக்குக் கீழே போனால் மட்டும் கொஞ்சம் விடுகிறேன், பாதிக்கு மேல் ஏற்றுவதே இல்லை.

சரி, தண்ணீர் விஷயம். வேலூர் பக்கம் இதைச் செய்ய நினைப்பவர்கள் பெட்டி வாங்கும் முன்னால் 350 ரூபாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிவிடுங்கள், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும். எங்கள் போர் தண்ணீர் 1,400 காட்டியது. பாலக்குக்குச் சத்து எல்லாம் கலந்த பிறகும் 1,100க்கு மேல் வேண்டாம். போர் தண்ணீரோ ஒன்றும் போடாமலே அதைத் தாண்டி நிற்கிறது, அத்தனையும் செடிக்கு வேண்டாத உப்பு. மீட்டரில் எண் இருக்கும், செடிக்குச் சோறு இருக்காது. அதன்மேல் உரத்தையும் போட்டால் இலை ஓரம் கருகும். காரத் தன்மை கூடுதலாக இருந்தால் இரும்புச் சத்து செடிக்கு எட்டாமல் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். முதல் வருஷம் இரண்டையும் பார்த்தேன்.

காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் குடிக்கப் பிடித்தது போக மிச்சத்தைப் பெட்டிக்கு எடுப்பேன். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீரை டிரம்மில் பிடிப்பேன், அதற்கு ஈடே கிடையாது. கோடையில் கீழ் வீட்டு ஏசி பைப்பில் சொட்டும் தண்ணீர் ராத்திரிக்கு அரை பக்கெட்டாவது தேறும், டிடிஎஸ் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. ஏசி கூடுதல் நேரம் ஓடினால் அதுவும் கூடுதலாகக் கிடைக்கும்.

உரத்தில் நான் செய்த தப்பு 19:19:19. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் அந்த வரிசையில் எத்தனை சதவீதம் என்பதுதான் அந்த எண்கள். கரைத்தால் தெளிவாகக் கரையும், விலையும் மலிவு. ஆனால் அதில் இருக்கும் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை மாற்றிக் கொடுக்கும், வெறும் தண்ணீரில் அந்த வேலை சரியாக நடக்காது. போதாக்குறைக்கு யூரியா மீட்டரிலும் தெரியாது. இப்போது சொட்டு நீர்ப் பாசன விவசாயிகள் வாங்கும் உரக்கடையிலேயே தனித்தனியாக வாங்குகிறேன். 10 லிட்டர் நல்ல தண்ணீருக்குக் கால்சியம் நைட்ரேட் 7 கிராம், 13:0:45 நாலு கிராம், 0:52:34 ஒன்றரை கிராம், எப்சம் உப்பு நாலு கிராம், நுண்ணூட்டக் கலவை ஒரு சிட்டிகை. மீட்டர் 750, 800 என்று நிற்கும். கீரைக்கு அது போதும், இலை வெளிறினால் மட்டும் கொஞ்சம் கூட்டுவேன். கால்சியம் நைட்ரேட்டை மட்டும் தனிப் பாட்டிலில் கரைக்க வேண்டும். ஒருமுறை சோம்பேறித்தனமாக எல்லாவற்றையும் கெட்டியாக ஒன்றாகக் கலந்தேன், பால் திரிந்த மாதிரி வெள்ளையாக அடியில் படிந்துவிட்டது. அப்படிப் படிந்த சத்து செடிக்குப் போகாது. பிஎச், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மை பார்க்க மீன் தொட்டிக் கடைச் சொட்டு மருந்தே போதும், 5.5லிருந்து 6.5க்குள் இருந்தால் நிம்மதி.

அப்புறம் கொசு. டெங்கு சமயத்தில் கொசுப்புழு பார்க்க வரும் அக்கா மாடி ஏறி, ஒரு கப்பைத் தூக்கி உள்ளே டார்ச் அடித்தார். "நீங்களே வந்து பாருங்க சார்." குட்டிக் குட்டியாக நெளிந்துகொண்டிருந்தன. எனக்கு முகமே இல்லை. இரண்டு பெட்டியை அவர் எதிரிலேயே கவிழ்த்தேன். அன்றிலிருந்து கப்பைச் சுற்றி இருக்கும் இடுக்கில் பஞ்சு வைத்து அடைக்கிறேன், செடி இல்லாத ஓட்டைக்கு டேப். பெட்டித் தோட்டம் பற்றிப் பேசுபவர்கள் யாரும் முதலில் இதை எனக்குச் சொல்லவில்லை.

எது வருகிறது, எது வரவில்லை? பாலக்கு, புதினா, வள்ளைக்கீரை மூன்றும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். வெட்ட வெட்டத் துளிர்க்கும். கொத்தமல்லி குளிர் காலத்தில் மட்டும். தக்காளி ஒரு தடவை காய்த்தது, குரங்கு வந்து கணக்கை முடித்தது. முள்ளு கத்தரி எனக்கு ஒரு ஆசை. வேலூர் பக்கத்து இலவம்பாடிக் கத்தரிக்காய் சாப்பிட்டு வளர்ந்த வாய், 2023ல் புவிசார் குறியீடு வேறு கிடைத்தது. 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் மீன் தொட்டிக் காற்று மோட்டார் வைத்து ஒரே ஒரு செடி வளர்த்தேன். பங்குனியில் தினமும் இரண்டு லிட்டர் குடித்தது. மொத்தம் பதினோரு காய். குழம்பு வைத்தோம். முள் என்னவோ சரியாகக் குத்தியது, ருசி இலவம்பாடி மண்ணில் விளைந்த காயின் பக்கத்தில்கூட வரவில்லை. வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுவே பதில்.

சித்திரை நடுவிலிருந்து ஆனி வரை பெட்டிகளைக் காலி செய்து கவிழ்த்து வைத்துவிடுவேன். பச்சை நிழல்வலை கட்டியும் அந்த இரண்டு மாதம் போராடுவதில் அர்த்தமில்லை. தெர்மாகோல் வெயிலில் பொரிந்து உதிரும், ஒரு பெட்டி ஒன்றரை வருஷம்தான் தாங்குகிறது. வெள்ளை அடித்தால் கூடுதலாக வருமே என்று வீட்டில் மிச்சமிருந்த எனாமல் பெயிண்டை அடித்தேன், பெட்டி கண் முன்னால் உருகிக் குழி விழுந்தது. தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷன்தான் அதற்குச் சரி.

கணக்கு: பைப் செட் 3,200, இதுவரை எட்டுப் பெட்டி 480, மீட்டரும் சின்னத் தராசும் பிஎச் மருந்தும் 900, உரம் 1,700, நிழல்வலை 650. மொத்தம் 6,930 ரூபாய். நாலு பெட்டியிலிருந்து குளிர் காலத்தில் வாரத்துக்கு இரண்டு, மூன்று கட்டுக் கீரை. கட்டு 20 ரூபாய் என்று போட்டால் மூன்று வருஷத்தில் 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே தேறும். பைப் செட்டை விட்டுவிட்டால் கிட்டத்தட்ட போட்டதை எடுத்திருப்பேன்.

அந்தப் பைப் இரண்டும் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் கிடந்தன. போன மாதம் பழைய சாமான்காரரிடம் காட்டினேன். கையில் வாங்கி, வரிசையாக இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எடைக்குத்தான் ணா எடுப்பேன். ஓட்டைக்கெல்லாம் காசு கெடையாது."