ஜிடியு-88: சென்ட்ரோசோமைக் காட்டும், சென்ட்ரியோலை எண்ணாது

செல்லின் மைக்ரோடியூபுல்கள் (நுண்குழாய்கள்) கிளம்பும் மையமான சென்ட்ரோசோம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஜிடியு-88 என்ற இந்த ஆன்டிபாடி பளிச்சென்று காட்டிவிடும். அதற்குள் இருக்கும் குட்டி உருளைகளான சென்ட்ரியோல்கள் எத்தனை என்று கேட்டால் குழப்பிவிடும். இரண்டாவது கேள்விக்காக இதை வாங்குபவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள்.

ஜிடியு-88 காமா-டியூபுலின் என்ற புரதத்தைப் பிடிக்கும் சுண்டெலி மோனோகுளோனல் (ஒரே வகை ஆன்டிபாடி). சென்ட்ரியோல் ஜோடியைச் சூழ்ந்த புரதத் திரளில் மைக்ரோடியூபுல்கள் முளைக்க அடித்தளமாக இருப்பது காமா-டியூபுலின்தான். ஆனால் அதன் பெரும்பகுதி சைட்டோபிளாசத்தில் தனியே மிதக்கிறது. 1:500 முதல் 1:1000 வரை நீர்த்தால் போதும். செறிவைக் கூட்டினால் செல் முழுவதும் மங்கலாக ஒளிரும். 0.5% ட்ரைட்டான் கலந்த பைப்ஸ் பஃபரில் அரை நிமிடம் கழுவிவிட்டு ஃபிக்ஸ் செய்தால் (செல்லை அப்படியே உறையவைத்தால்) இந்த மூட்டம் நன்றாகவே குறையும்.

ஃபிக்ஸ் செய்ய மைனஸ் 20 டிகிரி மெத்தனால், 5 முதல் 10 நிமிடம். ஃபார்மால்டிஹைடு மட்டும் போட்டால் அடர்ந்த திரளுக்குள் ஆன்டிபாடி நுழையாது, புள்ளி மங்கும். மெத்தனாலுக்கும் விலை உண்டு: ஆக்டின் இழைகளைக் காட்டும் சாயமான ஃபாலாய்டின் ஆக்டினில் ஒட்டாது, ஜிஎஃப்பி என்ற பச்சை ஒளிர் புரதத்தின் ஒளியும் குன்றும்.

எண்ணிக்கைக்கு வருவோம். சென்ட்ரியோலின் விட்டம் சுமார் 0.2 மைக்ரான், சாதாரண ஒளி நுண்ணோக்கியின் எல்லையும் ஏறக்குறைய அதுவே. டிஎன்ஏ நகலாகும் எஸ் கட்டத்தில் தாயை ஒட்டி வளரும் சேய் சென்ட்ரியோல் தனிப் புள்ளியாகத் தெரியாது. புற்றுநோய்ச் செல்லில் மூன்று புள்ளிகள் தெரிந்தாலும், ஒன்று வெறும் சிதறிய திரளாக இருக்கலாம். சென்ட்ரியோலுக்குள்ளேயே இருக்கும் புரதமான சென்ட்ரினையும் சேர்த்துப் பாருங்கள்: அதன் புள்ளிகள் நான்கைத் தாண்டினால்தான் உபரி என்று சொல்லலாம். 20எச்5 சென்ட்ரின் ஆன்டிபாடி ஐஜிஜி2ஏ என்ற துணைவகை, ஜிடியு-88 ஐஜிஜி1. துணைவகை பிரித்தறியும் இரண்டாம் ஆன்டிபாடிகள் (முதல் ஆன்டிபாடியில் ஒட்டி ஒளிர்பவை) இருந்தால் ஒரே கவர்ஸ்லிப்பில் இரண்டும் போகும். எல்லோரிடமும் இருக்கும் டிஎம்1ஏ ஆல்ஃபா-டியூபுலின் மட்டும் கூடாது, அதுவும் ஐஜிஜி1. மைக்ரோடியூபுலுக்கு ராட் (பெரிய எலி) இனத்து ஆன்டிபாடியான ஒய்எல்1/2 எடுங்கள். ராட்டைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி, சுண்டெலி ஆன்டிபாடியில் ஒட்டாதபடி சுத்திகரிக்கப்பட்டதா என்று லேபிளைப் பார்ப்பது அவசியம்.

படமெடுக்கையில் ஆழத்தை 0.3 மைக்ரான் இடைவெளியில் மாற்றி மாற்றி எடுத்த அடுக்குகள் வேண்டும். பிரியும் செல்லின் இரு துருவங்கள் வெவ்வேறு ஆழத்தில் இருக்கும். ஒரே தளத்தில் எடுத்தால் நல்ல செல்லே ஒற்றைத் துருவச் செல்லாகத் தெரியும். மைட்டோசிஸில் (செல் பிரியும்போது) காமா-டியூபுலின் பல மடங்கு குவிவதால், ஒளியளவை அளப்பதாக இருந்தால் எக்ஸ்போஷரைப் பிரியும் செல்லில் வைத்தே முடிவு செய்யுங்கள், பிரியாத (இன்டர்ஃபேஸ்) செல்லில் அல்ல.