ரைஸ்மில் கணக்குக்கு ஆர்க்பார்ஸ்: நீண்ட நாள் அனுபவம்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ்மில்லுக்கு நான் பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்டுகள் பல வருடமாக ஓடுகின்றன. வேபிரிட்ஜ் (வண்டி எடைமேடை) தரும் ஃபைலைப் படித்து, வண்டிவாரியாக மூடைக் கணக்குப் போடும் வேலை. அவற்றை ஓட்டுவது கணக்குப்பிள்ளை அண்ணாச்சி. புரோகிராம் பற்றி அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். டெர்மினலில் அவர் அடிப்பதைப் பிரித்துப் படிப்பது ஆர்க்பார்ஸ் (argparse) என்ற பைத்தான் நூலகம்.

பெரிய வசதி, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். 2010-இல் வந்த பைத்தான் 2.7 முதல் கூடவே வருகிறது. 3 வரிசையில் 3.2 முதல். நெட் இணைப்பே இல்லாத மில் கம்ப்யூட்டருக்கு வேறென்ன வேண்டும்?

எனக்கு ரொம்பப் பிடித்தது சாய்ஸஸ், அதாவது எந்தெந்த மதிப்பு செல்லும் என்று பட்டியல் கொடுக்கும் வசதி. பருவம் என்ற இடத்தில் கார், பிசானம் இரண்டை மட்டும் அனுமதித்திருக்கிறேன். மூன்று சுழி போட்டு ‘பிசாணம்’ என்று அடித்தால் கணக்குப் பக்கமே போகாது. எவையெல்லாம் செல்லும் என்று காட்டிவிட்டு, பிழை என்பதைக் காட்டும் 2 என்ற எண்ணோடு வெளியேறிவிடும். அந்த 2-ஐப் பார்த்து, பிரிண்ட் எடுக்கும் அடுத்த ஸ்கிரிப்டும் நின்றுகொள்ளும். “இங்கிலீஷ்லல்லா ஏசுது, தம்பி” என்பதுதான் அண்ணாச்சியின் குறை. அந்தச் செய்திகள் பெரும்பாலும் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவி வழியாக வருவதால், மொழிபெயர்த்துக் கொடுத்தால் தமிழிலேயே ஏசும்!

எரிச்சல்களும் உண்டு. ‘--வண்டி’ என்ற ஆப்ஷனுக்கு ‘--வண்’ என்று பாதி அடித்தாலும் தானே ஊகித்து ஏற்றுக்கொள்ளும். அண்ணாச்சிக்கு அது பழகிவிட்டது. அப்புறம் ‘--வண்டிவாடகை’ சேர்த்த அன்றே, எது என்று தெரியவில்லை என்று நின்றுவிட்டது. பைத்தான் 3.5 முதல் இந்த ஊகத்தை அணைக்க வழி இருக்கிறது. அது முதலிலேயே அணைந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

உதவிக் குறிப்பில் ‘ஈரப்பதம் 17% வரை’ என்று சாதாரணமாக எழுதினால், பழைய பைத்தான் பதிப்புகளில் புரோகிராம் நன்றாக ஓடும். உதவி கேட்கும்போது மட்டும் உடையும். சதவீதக் குறியை இரண்டு தடவை போட வேண்டும். உண்மை/பொய் மதிப்புக்கு டைப் என்ற இடத்தில் பூல் (bool, பைத்தானின் உண்மை/பொய் வகை) கொடுப்பதும் வம்பு: ‘ஃபால்ஸ்’ என்று அடித்தாலும், காலியில்லாத சரம் என்பதால் உண்மை என்றே எடுத்துக்கொள்ளும்.

தமிழில் ஆப்ஷன் பெயர் வைத்தால் உதவித் திரை கோணலாகும். ‘பருவம்’ கண்ணுக்கு நாலு எழுத்து. பைத்தானின் எண்ணிக்கையில் உகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாகச் சேர்ந்து ஆறு. அதை வைத்தே இடம் விடுவதால் வலப்பக்க விளக்கம் வரிக்கு வரி முன்னும் பின்னுமாக நிற்கும். இதற்கு நல்ல தீர்வு கிடைக்காமல், இப்போது ஆப்ஷன் பெயரை ஆங்கில எழுத்திலும் விளக்கத்தைத் தமிழிலும் வைத்திருக்கிறேன்.

ஒரே புரோகிராமுக்குள் உள்கட்டளைகள் நிறைய இருந்தால், இதே வேலைக்கான கிளிக் (Click) என்ற இன்னொரு நூலகம் எழுதச் சுகம், கோடும் பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் அதைத் தனியாக நிறுவ வேண்டும். மில்லுக்கு ஆர்க்பார்ஸே போதும்.