மொட்டை மாடி மழைமானி: இரண்டு வருட அனுபவம்

மகளுக்கு ஐந்து வயதில் ஆரம்பித்தோம், இப்போது ஏழு. மேகம், மழை பற்றி வீட்டிலேயே செய்து காட்டலாம் என்று நான்கைந்து வேலைகளில் இறங்கினோம். இரண்டு வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகும் சென்னை குரோம்பேட்டை மாடியில் மிஞ்சியிருப்பது மழையை அளக்கும் ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டில்தான்.

முதலில் செய்தது ஷேவிங் நுரை மேகம். டம்ளரில் தண்ணீர், அதன் மேல் நுரை, நுரைமேல் நீல மை. மை கீழே இறங்குவது பார்க்க அழகு. ஒரு வாரம் கழித்து, "அப்பா, மேகம் சோப்புல செஞ்சதா?" என்றாள். அத்தோடு அதை விட்டுவிட்டேன். மேகம் என்பதே பொடிப்பொடி நீர்த்துளிகள்தான் என்பதை அது சொல்லவே இல்லை. கண்ணாடி ஜாடியில் வெந்நீர் ஊற்றி, மூடிமேல் ஐஸ் வைத்து, ஊதுபத்திப் புகை விட்டோம். புகையைத்தான் மேகம் என்று நினைத்துக்கொண்டாள். புகை இல்லாமல் ஒரு தடவை, புகையோடு ஒரு தடவை செய்தபிறகுதான் நீராவி ஒட்டிக்கொள்ள ஒரு தூசி வேண்டும் என்பது கொஞ்சம் பிடிபட்டது. இட்லிப் பானை மூடியில் சொட்டுவதைக் காட்டியிருந்தால் பாதி வேலை மிச்சம்.

சரி, மழைமானிக்கு வருகிறேன். இரண்டு லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, புனலாகக் கவிழ்த்து வைத்தால் போதும். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருப்பதால் ஸ்கேலை அடியிலிருந்து ஒட்டாதீர்கள், நாங்கள் ஒட்டி ஏமாந்தோம். கூழாங்கல் போட்டு, நேரான பாகம் தொடங்கும் இடம்வரை தண்ணீர் நிரப்பி அங்கே பூஜ்யம் குறித்தோம். மூன்றாவது வாரம் அந்தத் தண்ணீரில் கொசுப்புழு! தண்ணீருக்குப் பதில் வெள்ளை சிமெண்ட் ஊற்றி மட்டப்படுத்திய பிறகு தொல்லை இல்லை. வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கிவிடுகிறது, வருடத்துக்கு ஒரு பாட்டில் மாற்ற வேண்டும்.

தினமும் காலை 8.30க்கு அளக்கிறோம். வானிலைத் துறையும் 24 மணி நேர மழையை அந்த நேரத்தில்தான் கணக்கெடுக்கிறது. பத்திரிகையில் மீனம்பாக்கம் வானிலை நிலையத்தின் கணக்கு செ.மீ.யில் வரும், எங்கள் நோட்டில் மி.மீ. பத்து மி.மீ. ஒரு செ.மீ. என்பதை அவள் கற்றது இப்படித்தான். ஒரு நாள் எங்களுக்கு 12 மி.மீ., பேப்பரில் 3 செ.மீ. பேப்பர்தான் தப்பு என்று தீர்ப்பு சொன்னாள். பெருங்களத்தூர் சித்தி வீட்டிலும் ஒரு பாட்டில் வைத்தோம். அங்கே வேறு அளவு வந்ததும்தான் இடத்துக்கு இடம் மழை மாறும் என்று ஒத்துக்கொண்டாள்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் 600 சதுர அடி மாடியில் 20 மி.மீ. பெய்தால் கிட்டத்தட்ட 1,100 லிட்டர். தண்ணீர்த் தொட்டியை அண்ணாந்து பார்த்து, "இதுக்கும் மேலயா?" என்றாள்.

'தட்டான் தாழப் பறந்தால் மழை' என்பதையும் விடவில்லை. தட்டான் தாழப் பறந்த நாளுக்கு நோட்டில் ஒரு இறக்கை வரைவாள். பாதி நாள் பலித்தது, பாதி நாள் இல்லை. ஆத்தாவிடம் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

குறை என்றால், பிப்ரவரியிலிருந்து மே வரை அளக்க ஒன்றும் இருக்காது. அந்தப் பக்கங்களில் வரிசையாகப் பூஜ்யம்தான். இந்த வருடம் ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் கண், மூக்கு, மீசை வைத்திருக்கிறாள்.