ஸ்லக் என்று சொல்லி 11,400 ரூபாயை வாங்கிக்கொண்டார்: ஏர் ரைபிள் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

எனக்கு ஸ்லக் விற்றவர் நேற்று சாயங்காலம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். இருபத்திரண்டு நாளாக மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்ததற்குக் கிடைத்த பதில் இதுதான். போனது 11,400 ரூபாய். கோபம் இன்னும் அடங்கவில்லை, சொல்வது முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏர் ரைபிளுக்கு ஸ்லக் (தோட்டா மாதிரி கெட்டியான ஈயக் குண்டு) வாங்கலாமா, வழக்கமான பெல்லட்டே (நடுவில் ஒடுங்கிய சிறு ஈயக் குண்டு) போதுமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவராவது இதைப் படித்துப் பணம் அனுப்பாமல் நின்றால் போதும்.

என்னிடம் இருப்பது .177 பிசிபி, அதாவது காற்றை முன்கூட்டியே அழுத்தி நிரப்பிவைத்துச் சுடும் ரைபிள். பேரல் துளை 4.5 மி.மீ., குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூலுக்குள். 2016 ஆயுத விதிகள்படி உரிமம் தேவைப்படாத வகை. பொள்ளாச்சிப் பக்கம் மாமனார் தோப்பில், பெரிய மண்மேட்டுக்கு முன்னால் பேப்பர் டார்கெட் வைத்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சுடுவேன், அவ்வளவுதான். 8.44 கிரெய்ன் எடையுள்ள பெல்லட்டில் 25 மீட்டரில் ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும். பிரச்சினை 50 மீட்டரில்தான். ஆனி, ஆடி வந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தோப்புக்குள் புகுந்து பெல்லட்டை அப்படியே ஓரமாகத் தள்ளிவிடும். ஸ்லக்கைக் காற்று அவ்வளவாகத் தள்ளாது என்று படித்திருந்தேன். அதில் பொய் இல்லை, சரியான துப்பாக்கியில் அது உண்மைதான். அந்த ஆசையில்தான் விசாரிக்கப் போனேன்.

ஏர் கன் பொழுதுபோக்குக்காரர்கள் இருக்கும் ஒரு மெசேஜ் குரூப்பில் இவர் பொருள் விற்பவர். கடை கிடையாது, பில் கிடையாது, ஆனால் நிறையப் பேர் "நம்ம ஆள்" என்று சொல்வார்கள். போன் செய்தேன். விலையைப் பற்றி அவர் பேசவே இல்லை. "அண்ணா, முதல்ல உங்க பேரல்ல சோக் இருக்குதுங்களா, ட்விஸ்ட் எவ்வளவுன்னு சொல்லுங்க"ன்னு ஆரம்பித்தார். சோக் என்றால் பேரல் முனையில் துளை லேசாக ஒடுங்குவது, ட்விஸ்ட் என்றால் குண்டைச் சுழல வைக்கும் உள்வரிகளின் முறுக்கு. அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்தேன். சும்மா விற்க வந்தவனுக்கு இதெல்லாம் கேட்கத் தெரியாது என்று நினைத்தேன். சோக் இருக்கிறது, 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, பவர் 19 ஜூல் சொச்சம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். முக்கால் மணி நேரம் பேசினார். கடைசியில், "இந்த 13 கிரெய்ன் ஸ்லக் உங்க கன்னுக்குன்னே செஞ்ச மாதிரிங்கண்ணா, என் தம்பிக்கு வாங்கற மாதிரி நெனச்சுக் குடுக்கறேன்" என்றார். நடுவில் "தோட்டத்துல மயில், பன்னி தொந்தரவு இருந்தாலும் இதுலயே பாத்துக்கலாம்" என்று ஒரு வார்த்தை விட்டார். அப்போதே போனை வைத்திருக்க வேண்டும். வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போகிற விஷயத்தை இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிற ஆளிடம் நேர்மையை எதிர்பார்த்திருக்கக் கூடாது.

டின் 1,350, எட்டு டின், கூரியர் 600. மொத்தம் 11,400 ரூபாய். யுபிஐயில் முழுப் பணமும் முன்கூட்டியே அனுப்பினேன்.

பெட்டி வந்தது. டின்னில் சீல் இல்லை, வெள்ளை ஸ்டிக்கரில் பேனாவால் 4.50 என்று எழுதியிருந்தது. முதல் ஸ்லக்கே கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போகவில்லை. குச்சி வைத்துத் தள்ளினேன். 25 மீட்டரில் பத்து சுட்டேன். எட்டுதான் பேப்பரில் பட்டது, அதுவும் ஒரு சாண் அகலத்துக்குச் சிதறி. மூன்று ஓட்டை வட்டமாகவே இல்லை, நீளவாக்கில் கிழிந்திருந்தது. ஸ்லக் குப்புறப் புரண்டு பக்கவாட்டில் போய் அடித்திருக்கிறது.

ஏன் என்று அதற்கப்புறம்தான் முழுசாகப் புரிந்தது. பெல்லட் உடுக்கை மாதிரி, நடுவில் ஒடுங்கிப் பின்னால் பாவாடை விரிந்திருக்கும். அந்தப் பாவாடை மெல்லியது, காற்றழுத்தத்தில் விரிந்து பேரலை அடைத்துக்கொள்ளும். வெளியே வந்ததும் இறகுப்பந்து மாதிரி பின்பக்கம் காற்றில் இழுபட்டு, தலை நேராகவே போகும். சுழற்சி கொஞ்சம் குறைந்தாலும் சமாளிக்கும். ஸ்லக் அப்படியில்லை, தோட்டா மாதிரி கெட்டியான ஈய உருளை. பம்பரம்போல சுழற்சி ஒன்றை நம்பித்தான் நேராக நிற்கும். அந்தச் சுழற்சிக்கு வேகம் வேண்டும், பேரலுக்கு ஏற்ற அளவு வேண்டும். நண்பரின் குரோனோகிராஃபில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) பார்த்தோம்: பெல்லட் வினாடிக்கு 870 அடி, இந்த ஸ்லக் 690தான்.

பீளமேட்டில் தெரிந்த லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தால் ஒன்று 4.56 மி.மீ., இன்னொன்று 4.61. நகைக்கடையில் வேலை செய்யும் மச்சான் தராசில் பத்து ஸ்லக்கை எடை போட்டார். 13 கிரெய்ன் என்றால் ஏறக்குறைய 842 மில்லிகிராம் இருக்க வேண்டும். லேசானது 806, கனமானது 881. யாரோ வீட்டில் அச்சில் ஊற்றி டின்னில் அடைத்தது. இதற்கா 11,400 ரூபாய்?

எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். முதல் இரண்டு நாள் நீல டிக் மட்டும். மூன்றாம் நாள், "அண்ணா, பேரலை லெட் பண்ணி சுடுங்க, நூறு போனா செட் ஆயிரும்." லெட் பண்ணுவது என்றால் நிறையச் சுட்டு பேரலுக்குள் ஈயம் படிய விடுவது. அதையும் செய்தேன். ஆகவில்லை. அப்புறம், "அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா?" அப்புறம், "அம்மா ஆஸ்பத்திரியில, அடுத்த வாரம் பேசலாம்." அடுத்த வாரம் அண்ணா போய் "சார்" வந்துவிட்டது: "சார், இந்த ஐட்டத்துக்கு ரிட்டன் கிடையாது."

எனக்குத் தாங்கவே முடியாதது அதற்கடுத்த பதில். "ரெகுலேட்டரை ஏத்தி 900க்குக் கொண்டு போங்க சார், ஸ்லக் சூப்பரா போகும்." ரெகுலேட்டர் என்பது சுடும் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகம். அதை ஏற்றி 13 கிரெய்னை வினாடிக்கு 900 அடிக்குத் தள்ளினால் 31 ஜூலைத் தாண்டுகிறது. 20க்கு மேல் போனாலே உரிமம் வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு என் மேல். என் துப்பாக்கி 19 ஜூல் என்று முதல் போனிலேயே சொன்னேன். ஆக, இந்த ஸ்லக் இதில் வேலை செய்யாது என்று பணம் வாங்கும்போதே அவருக்குத் தெரியும். தெரிந்துதான் விற்றார். கேட்டால் என்னைக் குற்றவாளியாக்குகிற வழியைச் சொல்கிறார். எனக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் பாதியாவது கொடுங்கள் என்றேன். பிளாக்.

ஸ்லக்கா பெல்லட்டா என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். 20 ஜூலுக்குள் இருக்கும் .177 என்றால் பெல்லட்டோடு நில்லுங்கள், ஸ்பிரிங் துப்பாக்கியாக இருந்தால் ஸ்லக்கை நினைக்கவே வேண்டாம். ஆசையாக இருந்தால் பத்து இருபது சாம்பிள் வாங்கி உங்கள் பேரலில் சுட்டுப் பாருங்கள், சாம்பிள் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். சீல் இல்லாத டின்னைத் திரும்ப அனுப்புங்கள். பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் வேண்டாம். பவரை ஏற்றச் சொன்னால் அந்த நிமிடமே பேச்சை முடித்துவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915ல் இன்று புகார் பதிந்துவிட்டேன், யுபிஐ ரசீதும் சாட் ஸ்கிரீன்ஷாட்டும் வைத்திருக்கிறேன். அதே குரூப்பில் இன்று காலை அதே எட்டு டின் படம் திரும்ப வந்திருக்கிறது. விலை இப்போது 1,250 என்று போட்டிருக்கிறார், கீழே மூன்று பேர் "எனக்கு வேணும்" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த மூன்று பேருக்கும் தனித்தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். ஒருவர் மட்டும் பார்த்திருக்கிறார்.