டேஞ்சன்ட் கால்வனோமீட்டர்: புதுசு வாங்கலாமா, பழசையே ஓட்டலாமா?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு இயற்பியல் ஆசிரியர் கேட்டிருந்தார்: லேபுக்குப் புது டேஞ்சன்ட் கால்வனோமீட்டர் வாங்கலாமா, இருப்பதையே ரிப்பேர் பண்ணி ஓட்டலாமா என்று. பிளஸ் டூ செய்முறையில் புவிக்காந்தப்புலத்தின் கிடைத்தளக் கூறு (தரைக்கு இணையான பகுதி) கண்டுபிடிக்கும் அதே கருவிதான். அமைப்பு எளிதுதான்: நிமிர்ந்து நிற்கும் ஒரு கம்பிச் சுருள், அதன் மையத்தில் காந்த ஊசியும் அதோடு சேர்ந்து திரும்பும் அலுமினியக் குறிமுள்ளும் உள்ள ஊசிப்பெட்டி. சுருளை ஊசிக்கு இணையாக வைத்துக் கரண்ட் விட்டால் ஊசி திரும்பும்; சுருளின் புலத்தைக் கிடைத்தளக் கூறால் வகுத்தால் வருவது அந்தக் கோணத்தின் டேன். பழசு, புதுசு இரண்டும் வருஷக்கணக்கில் பிள்ளைகள் கையில் என்ன பாடுபடுகின்றன என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மதுரை வட்டாரத்தில் கிடைத்தளக் கூறு சுமார் 40 மைக்ரோடெஸ்லா. 5 சுற்று, 8 செ.மீ. ஆரம் உள்ள சுருளில் 1 ஆம்பியர் விட்டால் மையத்தில் வரும் புலம் 39.3 மைக்ரோடெஸ்லா. இரண்டும் ஏறக்குறையச் சமம் என்பதால் குறிமுள் 45 டிகிரியை ஒட்டிப் போய் நிற்கும். ‘டேன் 45 என்றால் 1’ என்று பத்தாம் வகுப்பில் ஒப்பித்தது இங்கே கண்ணெதிரே முள்ளாக நிற்கிறது. லண்டனில் கிடைத்தளக் கூறு நம்மூரில் பாதிதான். அதே கருவி, அதே 1 ஆம்பியர், முள் 63 டிகிரிக்குப் போய்விடும். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் கணக்கு வாத்தியாரே எட்டிப் பார்ப்பார். இன்னொன்று: கோணத்தை 1 டிகிரி தப்பாகப் படித்தால் 45-இல் விடை 3.5 சதவீதம் பிசகும், 75-இல் 7 சதவீதம். அதனால்தான் கோணத்தை 30-க்கும் 60-க்கும் இடையில் வைக்கச் சொல்கிறோம். இந்தக் காரணத்தைச் சொல்லாமல் விதியை மட்டும் சொல்லும் லேப்கள்தான் அதிகம்.

இனி எரிச்சல். புதுக் கருவியின் ஊசிப்பெட்டிக்குக் கண்ணாடி மூடி போடாமல் அக்ரிலிக் போட்டு அனுப்புகிறார்கள். தூசி தட்டுகிறேன் என்று பிள்ளைகள் காய்ந்த துணியால் ஒரு தேய் தேய்ப்பார்கள். அவ்வளவுதான், மூடியில் மின்னூட்டம் ஏறி அலுமினிய முள்ளை மேலே இழுத்துக்கொள்ளும். கரண்டே விடாமல் முள் 20 டிகிரியில் அசையாமல் நிற்கும். சித்திரை வெயிலில் இது தினப்படி கூத்து. வாயால் ஊதி ஆவி படியவிட்டால் சற்று நேரத்தில் விடும். ஈரத்துணியால் துடைப்பது இன்னும் நல்லது. விலையைக் குறைத்திருக்கிறார்களாம்! அந்த மூடியிலும் குறைத்துவிட்டார்கள்.

பழசில் வேறு கோளாறு. ஊசி உட்காரும் எஃகு முனை மழுங்கிவிடும். பெட்டியைச் சாய்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினால் மழுங்காமல் என்ன செய்யும்? சோதிக்க ஒரு காந்தத்தைக் காட்டி ஊசியைத் திருப்பி விடுங்கள். ஒவ்வொரு முறையும் அரை டிகிரிக்குள் பழைய இடத்துக்கு வந்தால் நல்லது. வராவிட்டால் முனையை மெல்லிய எண்ணெய்க்கல்லில் தீட்டித் துடைத்துப் போட்டால் போதும். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், தூசி அப்பிக்கொள்ளும். ஊசியின் காந்தம் மங்கியிருந்தால் சட்டக் காந்தத்தால் உரசிக்கொள்ளலாம். கணக்கில் ஊசியின் வலிமை அடிபட்டுப் போகிறது, ஆனால் வலுவில்லாத ஊசி முனையின் உராய்வைத் தாண்டாது.

பிள்ளைகள் செய்யும் தப்பில் முதலிடம் இதற்கு: சுருளை ஊசிக்கு இணையாக வைக்காமல், கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அலுமினிய முள்ளுக்கு இணையாக வைப்பது. முள் ஊசிக்குச் செங்குத்து. அப்படி வைத்தால் ஒரு பக்கம் கரண்ட் விட்டால் ஊசி அசையாது, திருப்பி விட்டு 1 ஆம்பியரைத் தாண்டினால் ஊசி தலைகீழாகத் திரும்பும். கருவி கெட்டுவிட்டது என்று எழுதி வைத்துவிடுவார்கள்.

இதையெல்லாம் சரிசெய்தும் விடை 40-க்குப் பதில் 33 மைக்ரோடெஸ்லா என்று வந்தால் மேசையைப் பாருங்கள். இரும்புக் கால், இரும்புச் சட்டம், பக்கத்தில் பீரோ. கடப்பாக்கல் பலகையாக இருந்தாலும் அடியில் கான்கிரீட் கம்பி. கொடுமை என்னவென்றால் கம்யூட்டேட்டரால் கரண்டின் திசையைத் திருப்பி, முள்ளின் இரு முனையிலும் எடுக்கும் நான்கு கோணமும் அழகாக ஒத்துப்போகும். அந்தச் சராசரி சுருள் கோணலாக இருப்பதையும் முள் மையம் விலகியிருப்பதையும்தான் சரிக்கட்டும். இரும்பு மாற்றிவிட்ட புலத்தை ஒன்றும் செய்யாது. கரண்ட் இல்லாமல் பெட்டியை மேசை நெடுக நகர்த்துங்கள். ஊசி திரும்பினால் அந்த மேசை ஆகாது. அம்மீட்டருக்குள் நிலைக்காந்தம் இருக்கிறது, 1 மீட்டராவது தள்ளி வையுங்கள். கரண்டைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட்டும் தள்ளியே இருக்கட்டும். சுருளுக்குப் போகும் இரண்டு ஒயரையும் முறுக்கி விடுங்கள். செல்போன் சட்டைப்பையில் இருக்கக் கூடாது, வாத்தியார் பையிலும்தான்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம்: புதுசு வாங்காதீர்கள். பழைய கருவியின் முனையைத் தீட்டுங்கள், கண்ணாடி மூடி உடைந்திருந்தால் கண்ணாடியே வெட்டிப் போடுங்கள். மிச்சக் காசுக்கு ஒரு மரமேசை. பித்தளைத் திருகு போடச் சொன்னாலும் ஆசாரி பழக்கத்தில் இரும்பாணி அடித்துவிடுவார். ஊசிப்பெட்டியை ஒவ்வொரு மூட்டிலும் வைத்துப் பார்த்துவிட்டுக் கூலியைக் கொடுங்கள்.