புது லென்ஸ் இருந்தும் ஹீலியோஸ் 44-2 ஏன்?

கேனான் ஆர்எஃப் 50 மி.மீ. எஃப்/1.8 (எஃப் எண் குறையக் குறைய ஒளி புகும் துளை பெரிது) என்னிடம் முதலிலேயே இருந்தது. அப்புறம்தான் சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2 வாங்கினேன், 58 மி.மீ., எஃப்/2. இரண்டையும் ஒரே ஃபுல் ஃபிரேம் கேமராவில் மாட்டி ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துப் பார்த்துவிட்டேன். ஆட்களை எடுக்கப் போனால் என் கை ஹீலியோஸைத்தான் தேடுகிறது.

ஓரம்வரை கூர்மை, ஆட்டோஃபோகஸ், 160 கிராம் எடை எல்லாவற்றிலும் புதியதுதான் மேல். ஓடியாடும் குழந்தையை எடுக்க வேண்டுமா, கேனானையே வாங்குங்கள்.

ஹீலியோஸ், ஜெர்மனியின் ஜெய்ஸ் பயோட்டார் லென்ஸின் வடிவமைப்பை ஒட்டி வந்தது. எஃப்/2-இல் முழுக்கத் திறந்து, முகத்துக்குப் பின்னால் சில மீட்டர் தள்ளி வெயில் ஊடுருவும் இலைகள் இருக்கும்படி நிறுத்தினால், ஓரத்து ஒளிப்புள்ளிகள் பூனைக்கண் போல ஒடுங்கி முகத்தைச் சுற்றிச் சுழல்வதுபோல் தெரியும். வேப்பமரம் இதற்கு அருமை. வெறும் சுவர் என்றால் ஒன்றும் தெரியாது, ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய கிராப் சென்சாரில் ஓரம் வெட்டுப்பட்டு அந்தச் சுழல் பெருமளவு குறைந்துவிடும். கண்ணாடி மேலுள்ள பூச்சு, அதாவது கோட்டிங், பழையது, அதனால் எதிர்வெயிலில் படத்தின் மேல் மெல்லிய வெண்படலம் படரும். மாலையில் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், உச்சிவெயிலில் கையால் மறைத்துக்கொள்வேன். கேனானில் அதே இடத்தில் கறுப்பு கறுப்பாகவே நிற்கிறது.

ஆனால் முடிவு செய்ய வேண்டிய விஷயம் பராமரிப்பு. நான் இருப்பது சென்னை. ஒரு ஐப்பசி மழை முழுக்க ஹீலியோஸைப் பையிலேயே விட்டுவிட்டேன், எடுத்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி நூல் போலப் பூஞ்சை. நாளானால் அது கோட்டிங்கையே அரித்துவிடும், அப்புறம் துடைத்தாலும் தழும்பு போகாது. நல்லவேளை ஆரம்பத்திலேயே கவனித்தேன். இந்த லென்ஸில் மோட்டாரும் கிடையாது சர்க்யூட்டும் கிடையாது, வெறும் உலோகமும் கண்ணாடியும்தான், அதனால் லென்ஸ் சர்வீஸ் செய்பவர் பிரித்துத் துடைத்து, ஃபோகஸ் வளையத்துக்குப் புது கிரீஸ் போட்டுத் திருப்பித் தந்துவிட்டார். புது லென்ஸிலும் பூஞ்சை வரும். ஆனால் அதை நான் இதுவரை பிரிக்கக் கொடுத்ததில்லை, எனவே அந்தச் செலவை ஒப்பிட என்னிடம் அனுபவம் இல்லை. இப்போது இரண்டும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில், ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் இருக்கின்றன.

வீடியோவுக்கு ஹீலியோஸை ஒரே ஒரு கல்யாணத்தில்தான் பயன்படுத்தினேன், நடந்து வருபவர்மேல் ஃபோகஸ் நிற்கவில்லை. பழகினால் வரலாம்.

வாங்குவதற்கு முன் பின்பக்கமிருந்து செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். நூல் போலத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். துளையைச் சுருக்கி விரிக்கும் அப்பெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்கினால் பயம் வேண்டாம், 44-2-இல் அவற்றைக் கையால்தான் திருப்புகிறோம், கொஞ்சம் மெதுவாக நகர்ந்தாலும் பரவாயில்லை. மிரர்லெஸ் கேமராவுக்கு, உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லாத எம்42 அடாப்டரே போதும் (எம்42 என்பது ஹீலியோஸின் திருகு மவுண்ட்). நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் மட்டும் யோசியுங்கள், அதில் அப்படி மாட்டினால் தூரத்துக் காட்சிக்கு ஃபோகஸ் எட்டாது.