இந்தியத் தமிழரா, மலையகத் தமிழரா?

என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் இனம் ‘இந்தியத் தமிழர்’. அப்பா பிறந்தது இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாவில். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை.

அந்தப் பெயர் வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு. கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் ஆள் கொண்டுவந்த ஆட்சி, 1911 குடிசன மதிப்பில் எங்களை இலங்கைத் தமிழரிடமிருந்து தனியாகப் பிரித்து எழுதியது. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தக் கோடு அழியவில்லை. 1948 சட்டத்தால் குடியுரிமை போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் பங்குபோட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். இரண்டு நாட்டு உறவு சீராக, நாங்கள் விலையானோம்.

அப்பாயியின் அக்கா அப்படிப் போனவர். ஹட்டனில் கோச்சி (ரயில்) ஜன்னல் வழியே அவர் நீட்டிய வெண்கலச் செம்பு இன்னும் எங்கள் காம்பராவில் இருக்கிறது, அடி நெளிந்து. நீலகிரியில் அவரை ‘சிலோன்காரி’ என்றார்களாம். இங்கே இந்தியர், அங்கே சிலோன்!

‘மலையகத் தமிழர்’ நாங்களே வைத்துக்கொண்ட பெயர். இதில் கப்பல் இல்லை, மண் இருக்கிறது. 2023இல், எங்கள் முன்னோர் இலங்கைக்கு வந்த இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் இந்தப் பெயரோடுதான் நடந்தார்கள்.

சரி, பழைய பெயரால் நன்மையே இல்லையா? உண்டு. 2017இல் நோர்வூட்டில் மோடி 10,000 வீடுகள் அறிவித்தது அந்த உறவால்தான். ஆனால் வீடு நிற்கிற காணிக்கு உறுதிப் பத்திரம் தரவேண்டியது கொழும்பு. அதைக் கேட்கும்போது நான் மலையகத் தமிழராகத்தான் கேட்பேன்.